தம்பதிக் கணக்கு

கல்லூரி அனுப்பிய பட்டியலில் நாற்பது பெயர்கள் இருந்தன. எல்லாம் வெஸ்லியுடன் படித்தவர்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசி ஒரு டாலராவது வாங்க வேண்டும், ஜூன் முப்பது மாலை ஐந்து மணிக்குள். பேட்சில் மொத்தம் முந்நூறு பேர். அதில் பாதிப் பேர் கொடுத்துவிட்டால், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பழைய மாணவர் ஐம்பதாயிரம் டாலர் தருவார். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை ஒருவரும் பார்க்கப் போவதில்லை. எத்தனை தலை என்பதுதான் பேச்சு.

படிப்பு முடிந்து ஐந்து வருடம் ஆகிறது. போன கோடையில் இந்த வேலைக்கு அவன் ஒப்புக்கொண்டது மனைவி மாரெனுக்காக. அந்தக் கல்லூரியில்தான் இருவரும் சந்தித்தார்கள். அவள் அக்டோபரில் இறந்துபோனாள். ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டபடி நின்றது.

ஜூன் முப்பது, மதியம் இரண்டு மணி. சமையலறை மேஜையில் காபி ஆறிக் கிடந்தது. பதினாறாவது பெயர் பிராடி, விடுதியில் ஒரே அறையில் இருந்தவன்.

"டேய், இருக்கியாடா? எட்டு மாசமா போனே எடுக்கல. இப்ப காலேஜுக்கு உண்டியல் குலுக்க வந்துட்ட."

"ஒரு டாலர் போதும்டா."

"ஹாஸ்டல் ஷவர்ல எலி செத்துக் கெடந்துச்சே, அதுக்கு அவங்கதான் எனக்குக் குடுக்கணும். நாலு வருஷத்துக்கு ரெண்டு லட்சம் டாலர் உருவினானுங்க. இன்னும் கடன் கட்டிட்டிருக்கேன்."

"தருவியா, மாட்டியா?"

"உனக்காகத் தரேன். நாலு மணிக்கு மீட்டிங் முடியுது, முடிஞ்சதும் போட்டுடறேன். சாப்பிட்டியா?"

"ம்."

வைத்துவிட்டு அடுத்த பெயரைப் பார்த்தான். மாரென்.

பக்கத்தில் குறிப்பு இருந்தது. ‘இந்த ஆண்டு இன்னும் தரவில்லை. நான்கு ஆண்டுகளாகத் தவறாமல் இருபத்தைந்து டாலர். அன்பாகப் பேசினால் போதும். மாலையில் கூப்பிடவும். கணவரும் நம் மாணவர்.’ கீழே அவளுடைய கைபேசி எண். பிப்ரவரியில்தான் அந்த எண்ணை அவன் ரத்து செய்திருந்தான்.

வேலை செய்த இடத்தில், நடந்துகொண்டிருந்தவள் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அந்த வாரமே அவன் கல்லூரிக்கு எழுதினான். பூங்கொத்து வந்தது, கல்லூரி முத்திரை அச்சடித்த நாடாவோடு. அதாவது, அவர்களுக்குத் தெரியும்.

நன்கொடை அலுவலகத்தில் இளைய பேட்சுகளைக் கவனிக்கும் கிர்ஸ்டனைக் கூப்பிட்டான்.

"அய்யய்யோ வெஸ்லி! அந்தப் பேரு உங்ககிட்ட வந்திருக்கவே கூடாது. ரொம்ப ஸாரி."

"என்கிட்ட வந்தது இருக்கட்டும். அவ பேரை ஏன் இன்னும் எடுக்கல?"

எதிர்முனையில் விசைகள் தட்டும் சத்தம் நின்றது.

"அது... புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நம்ம ஸ்டூடண்ட்ஸா இருந்தா, ஒருத்தர் குடுத்தாலே ரெண்டு பேர்னு எழுதிக்குவோம். எல்லா காலேஜ்லயும் அப்படித்தான். ஜூலை ஒண்ணாம் தேதி வருஷக் கணக்கு முடிஞ்சதும் பேரை எடுத்துக்கலாம்னு மேல சொல்லிட்டாங்க."

"இப்ப எத்தனை பேர்?"

"நூத்தி நாப்பத்தெட்டு." அவள் குரல் சட்டென்று மலர்ந்தது. "நீங்க ஒரு அஞ்சு டாலர் போட்டா நூத்தம்பது! ஜெயிச்சாச்சு. மாரென் பேர்ல லைப்ரரியில ஒரு நாற்காலி போடலாம், பித்தளைத் தகடு வெச்சு. அவங்களுக்குப் பிடிச்சிருக்கும்ல?"

அவன் போனை வைத்தான். குழாயைத் திறந்து கை கழுவினான். கையில் ஒன்றும் இல்லை. சோப்புப் போட்டு மறுபடி கழுவினான்.

கல்லூரியின் இணையப் பக்கத்தில் விவரம் மாற்றும் படிவம் இருந்தது. ‘உங்கள் நல்ல செய்தி என்ன?’ என்று கேட்டது. திருமணம், குழந்தை, புது வேலை, மேற்படிப்பு, புது முகவரி. வேறு எதுவும் இல்லை. மாரென் பெயரை இட்டு, புது முகவரியை அழுத்தினான். ஊர்க் கல்லறைத் தோட்டம், ஏழாவது வரிசை என்று எழுதினான். இறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து இணைத்தான். பன்னிரண்டு நகல் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள். வங்கிக்கு, காப்பீட்டுக்கு, காருக்கு என்று ஒன்பது போயிருந்தது.

அரை நிமிடத்தில் தானியங்கிப் பதில் வந்தது. ‘அன்புள்ள மாரென், புது வீட்டுக்கு வாழ்த்துகள்!’ அடியில் நன்கொடைக்கான பச்சைப் பொத்தான்.

மூன்றரை மணிக்கு கிர்ஸ்டனிடமிருந்து செய்தி. ‘பார்த்தேன். எடுத்துட்டேன். இப்போ மொத்தம் 299. நீங்களும் இன்னொருத்தரும் குடுத்தாப் போதும், பாதியைத் தாண்டிடுவோம்!’ கூடவே மூன்று பலூன் படங்கள்.

அவன் பிராடியைக் கூப்பிட்டான். மீட்டிங்கில் இருந்தவன் வெளியே வந்து எடுத்தான்.

"போடாதடா."

"ஏன்டா?"

நடந்ததை நான்கே வாக்கியத்தில் சொன்னான்.

"தூ," என்றான் பிராடி. "சரி, தப்பா எடுத்துக்காத. மாரென் இருந்தா என்ன பண்ணியிருப்பா?"

"குடுத்திருப்பா. எப்பவும் கடைசி நாள்தான் குடுப்பா. அவ குடுத்ததுல நாலு வருஷமா என்னையும் சேத்து எண்ணியிருக்காங்க. நான் ஒரு காசு போட்டதில்ல."

"அப்ப?"

"அப்ப ஒண்ணுமில்ல. நீ போடாத. நானும் போடல."

"சரிடா. போடல."

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கைபேசி அடித்தது. கிர்ஸ்டன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. வெஸ்லி பட்டியலை, கூப்பிடாத இருபத்துமூன்று பெயர்களோடு மடித்து, காபிச் சக்கை கிடந்த குப்பைக் கூடையில் போட்டான்.

பிறகு அதை வெளியே எடுத்தான். பதினேழாவது வரியை மட்டும் குறிப்போடு கிழித்து, ஈரத்தைச் சட்டையில் துடைத்து வைத்துக்கொண்டான். மிச்சத்தைத் திரும்பப் போட்டு மூடினான்.