தொண்டையில் அண்ணன், நாக்கில் தம்பி

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரை 'சைலன்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதிவு தொடங்கும் முன் "சைலன்ஸ்" என்று குரல் கொடுப்பது அவர் வேலை. சொல்லி வாய் மூடுவதற்குள் இருமுவது அவர் தொண்டையின் வேலை. எக்ஸ்ரே சுத்தம், ரத்தம் சுத்தம், இருமல் மட்டும் வருஷக்கணக்காக விட்டபாடில்லை. காலி அறையின் நிசப்தத்தையும் தனியாகப் பதிவு செய்வது அந்தத் தொழிலில் வழக்கம். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும். அந்த நேரத்தில் அவர் கதவுக்கு வெளியே போய் நிற்பார். கடைசியில் மேலாளர் சொல்லிவிட்டார்: அடுத்த நாடகப் பதிவுக்குள் சரியாகாவிட்டால் ஸ்டோர் ரூமில் ஒயர் சுற்றும் வேலைதான்.

அப்போதுதான் மருத்துவமனையில் ஒரு மருந்துச் சோதனையில் சேர்ந்தார். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. சில நாளிலேயே இருமல் வாலைச் சுருட்டிக்கொண்டது. கூடவே நாக்கும் செத்துப்போனது. ஆனால் மனுஷர் மூச்சு விடவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

சாப்பாட்டில் குறை சொல்வதில் அவர் கரைகண்டவர். கல்யாணமான நாளிலிருந்து "உப்பு கம்மி" என்று சொல்லாமல் கை கழுவியதில்லை. அப்படிப்பட்டவர் அன்று சூப்பைக் குடித்துவிட்டு, "பிரமாதம். உப்பு கனகச்சிதம்" என்றார்.

தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் குடித்த மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. சூப்பில் உப்பே போடவில்லை. கடைசியில் போடலாம் என்று இருந்து மறந்தே போயிருந்தாள்.

"என்னங்க, உண்மையச் சொல்லுங்க. நாக்குல ஏதாவது தெரியுதா?"

"வெதுவெதுன்னு தெரியுது."

மறுநாள் அவளே அவரை டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தாள். கதையைக் கேட்ட டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யாருக்கு நிஜ மருந்துன்னு நாங்க பூட்டி வெச்ச ரகசியத்த உங்க சூப் போட்டு உடைச்சிடுச்சே."

பிறகு விளக்கினார். "செல்லுக்குள்ள எரிபொருளா இருக்கற ஏ.டி.பி.ங்கற நியூக்ளியோடைடு, செல்லுக்கு அடிபட்டா வெளிய கசியும். தொண்டை நரம்போட மேல் சவ்வுல அதுக்குன்னே ஒரு ஏற்பி இருக்கு. ஏ.டி.பி. அதுல போய் ஒட்டினா, 'இருமு'ன்னு நரம்பு மூளைக்குச் சேதி அனுப்பும். மாத்திரை அந்த ஏற்பிய அடக்கிடுது."

"அதுக்கு நாக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் மனைவி.

"ருசியச் சொல்ற சேதியும் அதே ஏ.டி.பி. மூலமாத்தான் போகுது. அந்த ஏற்பிய அண்ணன்னு வெச்சுக்குங்க, அதே குடும்பத்துல இன்னொரு ஏற்பி இருக்கு, அது தம்பி. தொண்டையில பெரும்பாலும் அண்ணன் தனியா நிக்கறான். நாக்குல அண்ணனும் தம்பியும் கைகோத்து நிக்கறாங்க. அண்ணனப் பிடிக்கப்போன மருந்து தம்பியையும் சேர்த்து அமுக்கிடுச்சு. அண்ணன மட்டும் குறிவைக்கற புது மருந்தோட சோதனை ஒண்ணு நடக்குது, அதுல எல்லாருக்கும் மருந்துதான். மாறிக்கறீங்களா? நடுவுல கொஞ்ச நாள் எந்த மாத்திரையும் கூடாது. இருமல் திரும்பலாம். புதுசு உங்களுக்குக் கேக்கும்னும் உறுதி இல்ல."

"வேணாம் டாக்டர். நாக்கு போனா போகுது, வேலை நிலைக்கணும்."

"நான் என்ன பண்ணிப் போட்டாலும் வெதுவெதுன்னு இருந்தா போதுமா உங்களுக்கு?" மனைவியின் குரல் உடைந்தது. "குறை சொல்லவாவது ருசிச்சீங்களே."

அவர் மாறச் சம்மதித்தார்.

இடைப்பட்ட நாட்களில் இருமல் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. ஸ்டோர் ரூம் சாவியை மேலாளர் அவர் கண்ணில் படும்படி மேஜையிலேயே வைத்திருந்தார். புது மாத்திரை தொடங்கியும் உடனே கேட்கவில்லை. நாடகம் நெருங்க நெருங்கத்தான் தொண்டை மெல்ல அடங்கியது.

பதிவன்று "சைலன்ஸ்" என்றார். வாய் மூடினார். இருமல் வரவில்லை. வசனம் முடிந்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, காலி அறையின் நிசப்தத்தை உள்ளே உட்கார்ந்து அவரே பதிவு செய்தார். ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. முதல் சோதனையில் மாவு மாத்திரையை விழுங்கிவிட்டு இன்னும் இருமிக்கொண்டிருக்கும் முகம் தெரியாத மனிதர்களை நினைத்துக்கொண்டார். அவர்கள் இல்லையென்றால் எது மருந்து என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? அவர்களுக்கு நன்றி சொல்ல வழியில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

வீட்டில் சூப் காத்திருந்தது. ஒரு வாய் குடித்தவர் கரண்டியைக் கீழே வைத்தார். மனைவி அடுப்படியில் அசையாமல் நின்றாள்.

"உப்பு கம்மி," என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."