கேப்டன் குளித்த நேரம்

செங்கல் ஏற்றிப் போகும் அந்தப் படகில் மூன்று பேர் இருந்தார்கள். ஸ்டீயரிங் பிடித்தது ஒரு பெண். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்ததால் எல்லோரும் கேப்டன் என்று கூப்பிட்டார்கள், கட்டிய கணவர் உட்பட. கணவர் கீழே இன்ஜினைப் பார்த்துக்கொண்டார். கயிறு கட்டுவது, சமைப்பது, இடையிடையே கருத்துச் சொல்வது எல்லாம் கேப்டனின் அண்ணன் பொறுப்பு. இன்ஜின்காரருக்கு அவர் மச்சான்.

இன்ஜின்காரருக்கும் ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒருநாள் பிடித்தார். அன்றைக்குப் படகு துறையில் நிற்காமல் துறைக்குள்ளேயே போய்விட்டது. பலகைகள் நாலைந்து உடைந்தன. கேப்டன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதன் பிறகு ஸ்டீயரிங்கைக் கொடுக்கவும் இல்லை. அவரும் கேட்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

அந்தக் குளிர்காலத்தில் கேப்டனுக்குத் தோள்பட்டையில் வலி வந்தது. தினமும் வெந்நீரில் குளிக்கும்படி டாக்டர் சொன்னார். படகில் இருந்ததோ ஒற்றை அடுப்பு. ஒரு வாளித் தண்ணீர் சுடுவதற்குள் சோறு தள்ளிப்போனது, அண்ணன் முகம் தொங்கிப்போனது.

இன்ஜின்காரர் யோசித்தார். இன்ஜினிலிருந்து மேலே போகும் புகைக்குழாய் தொட்டால் தோலுரியும் சூட்டில் இருந்தது. அத்தனை சூடும் யாருக்கும் பிரயோஜனமில்லாமல் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. செம்புக் குழாய் ஒன்றை வாங்கி வந்து புகைக்குழாயின்மேல் நெருக்கமாகச் சுற்றினார். இரண்டு முனைகளையும் குளியலறைக்கு மேலே வைத்த எவர்சில்வர் டிரம்மில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறினது தானாகக் கீழே இறங்கும், நடுவில் நாம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மச்சானுக்கு விளக்கினார். அப்படிப்பட்ட ஏற்பாடுதான் தனக்கும் பிடிக்கும் என்றார் மச்சான்.

சூடு வீணாகக் கூடாதென்று இன்ஜின்காரர் டிரம்மின் மூடியை நட்டு போட்டு இறுக்கிவிட்டார். அதுதான் தப்பு. படகு கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் டிரம் முனகியது. பிறகு விசிலடித்தது. பிறகு மூடி பிய்த்துக்கொண்டு மேலே போனது. அது ஆற்றில் விழும் சத்தம் கேட்கச் சற்று நேரமாயிற்று. யாருக்கும் அடிபடவில்லை.

"மூடி போயிடுச்சு மாப்ள," என்றார் மச்சான். "தண்ணி சுட்டுடுச்சு."

அடுத்த மூடியை இன்ஜின்காரர் இறுக்காமல், ஆவி போவதற்கு ஒரு குழாயும் விட்டு வைத்தார். இந்த முறை தண்ணீர் பதமாகச் சுட்டது. அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இன்ஜின் ஓடினால்தான் தண்ணீர் சுடும். இன்ஜின் ஓடும்போது கேப்டன் ஸ்டீயரிங்கில் இருப்பார். கரைக்குப் போனதும் செங்கல் இறக்கும் இடத்தில் நிற்க வேண்டும்; திரும்பி வருவதற்குள் டிரம் ஆறிவிடும். ஆகவே ஆண்கள் இரண்டு பேரும் நன்றாகக் குளித்தார்கள். மச்சான் காலையிலும் மாலையிலும் குளித்தார். தோள்வலி கேப்டனிடமே இருந்தது.

இப்படிச் சில நாள் போயிற்று. ஒருநாள் காலை மச்சான் தலையில் ஆவி பறக்க வெளியே வருவதை இன்ஜின்காரர் பார்த்தார். மனசு கேட்கவில்லை. மேலே ஏறிப் போனார்.

"நீ போய்க் குளி. நான் பிடிக்கிறேன்."

கேப்டன் ஆற்றைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"வழியில பாலம் வரும்."

"வரட்டும்."

கேப்டன் துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

இன்ஜின்காரர் வேகத்தைக் குறைத்தார். போதாதென்று இன்னும் குறைத்தார். கரையில் மேய்ந்துகொண்டே போன மாடு ஒன்று நம்மைத் தாண்டிவிட்டது என்று மச்சான் வந்து தகவல் சொன்னார். வளைவு திரும்பியதும் பாலம் தெரிந்தது. தூண்களுக்கு நடுவே இருந்த வழி, தினமும் கீழே இருந்துகொண்டே கடந்த வழிதான், மேலிருந்து பார்க்கையில் சந்து மாதிரி இருந்தது. படகு தன் இஷ்டத்துக்கு இடது பக்கம் ஒதுங்கியது. குளியலறை பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். தட்டினார்.

"பாலம் வந்துடுச்சு."

உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம் நின்றது. சோப்பும் கையுமாக ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்தார். வரவில்லை.

"இவ்வளவு மெதுவாப் போனா ஆறு இழுத்துக்கிட்டுப் போயிடும்ங்க," என்று குரல் மட்டும் வந்தது. "வேகம் குடுங்க."

மறுபடியும் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

வேகம் கொடுத்தார். படகு சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. பாலத்தின் நிழல் தலைமேல் வந்து, நின்ற மாதிரி நின்று, போனது. இடது பக்கம் கட்டியிருந்த டயர் ஒன்று தூணில் உரசிக் கீச்சென்றது. அவ்வளவுதான்.

கேப்டன் தலையில் துண்டோடு வந்தார். இன்ஜின்காரர் நகர்ந்து இடம் விட்டார். கேப்டன் அவரைத் தாண்டிப் போய், வெயில் விழுந்த செங்கல் அடுக்கின்மேல் ஏறி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கூந்தலை உதறிக் காயவைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

இன்ஜின் பக்கத்தில் யாருமில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்ஜின்காரருக்கு ஞாபகம் வந்தது. மச்சானைப் போய்ப் பார்க்கச் சொன்னார். தனக்கு இன்ஜினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியும், அங்கே கதகதப்பாகவும் இருக்கும் என்று சொல்லிவிட்டு மச்சான் கீழே இறங்கிப் போனார்.