பூவராகவன் கட்டிய சமையலறை

டெல்லி ஜனக்புரியில் அந்த ப்ளாக்கிலேயே அப்படியொரு சமையலறை கிடையாது. பார்க்க வந்த பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களைத் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் மனைவிக்காகப் பூவராகவன் பழைய மேடையை உடைத்துத் தாழ்வாகக் கட்டியிருந்தான். அடியில் முழங்கால் நுழைய இடம், கை எட்டும் தூரத்தில் குழாய், கேஸ் அடுப்பு, உப்பு டப்பா. "பெண்டாட்டிமேல உசிரையே வெச்சிருக்கார்" என்றாள் எதிர்வீட்டு ராஜலக்ஷ்மி மாமி.

லீலாவதிக்கும் முதலில் பூரிப்புதான். பஸ்ஸிலிருந்து விழுந்து கால்கள் போன இந்த இரண்டு வருஷத்தில் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காராத மனுஷன், இன்ச் டேப்போடு வந்து கையை நீட்டச் சொல்லி அளந்தால் யாருக்குத்தான் மனசு இளகாது? பைத்தியக்காரி, அவன் சட்டைப்பையில் பார்த்த கடிதத்தைக்கூட மறந்துபோனாள். "இன்னும் எத்தனை வருஷம் இவளைச் சுமப்பே? இங்க ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கேன்" என்று விருத்தாசலத்திலிருந்து நாத்தனார் எழுதிய கடிதம்.

கடைசி நாள், மிஸ்திரி கதவை மாட்டும்போதுதான் கவனித்தாள். உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கம் உயரத்தில் அடித்துக்கொண்டிருந்தான். ஏன் என்றதற்கு, "சாஹப் சொன்னது, பாபிஜி" என்றான். ஜன்னலையும் சாஹப் சொல்லித்தான் செங்கல் வைத்து அடைத்திருந்தான், அங்கே அலமாரி வருமாம். லீலாவதி உள்ளே போய்ப் பார்த்தாள். அடுப்புக்கு முன்னால் நாற்காலி திரும்பவில்லை. வெளியே வர யாராவது பின்னாலிருந்து இழுக்க வேண்டும். அரை இன்ச் பிசகாமல் அளந்தவனுக்கு இது மட்டும் எப்படித் தவறிற்று? அடுப்பு வெடித்து மருமகள் சாவு என்று அந்த வருஷம் டெல்லிப் பேப்பர்களில் அடிக்கடி வந்துகொண்டிருந்தது.

"தாழ்ப்பாள் எதுக்குங்க வெளிய?"

"பூனை வரும்" என்றான் பூவராகவன். அந்த ப்ளாக்கில் அவள் பூனையைக் கண்டதேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்ச நல்ல நேரம் பார்த்திருந்தான். காலையில் லீலாவதி சிரித்த முகமாகவே கேட்டாள்.

"ஏங்க, முதல்ல நீங்க இதுல உக்காந்து அடுப்பைப் பத்த வெச்சுப் பாருங்க. நான் கட்டில்ல இருக்கேன். மாமியை வெளிய தாழ் போடச் சொல்றேன். பத்தே நிமிஷம்."

கட்டும்போது தண்ணீர்க் குழாயை இருபது தடவை திறந்து மூடிப் பார்த்தவன், நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு எதுக்கு? நீதானே சமைக்கப்போறே. நான் குளிச்சிட்டு வரேன், நீ உள்ள போய் இரு."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் நாற்காலியை வாசலுக்கு உருட்டினாள். வெளியே இரண்டு படிகள். சமையலறையை இழைத்து இழைத்துக் கட்டியவன், இந்தப் படிகளுக்கு ஒரு சாய்வுப் பலகை போடவில்லை. கூப்பிட்டுச் சொன்னால் ராஜலக்ஷ்மி மாமிகூட நம்பமாட்டாள். விழுந்தால் கை ஒடியும், தலையில் அடிபடும், தெருவில் நாலு பேர் ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவார்கள். அது போதும் என்று சக்கரங்களை முன்னால் தள்ளினாள்.