இடது முன் சக்கரத்து மூடி

என் மகன் புதுக் கார் வாங்கி வந்த அன்று எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்தார்கள். நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருஷம் மலைச்சாலையில் லாரி ஓட்டியவன் நான். வண்டி ஓடுமா என்று ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. நிற்குமா என்பதுதான் கவலை.

அலாய் வீலின் ஐந்து கைகளுக்கு நடுவே திறந்திருக்க வேண்டிய இடத்தையெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் மூடி வைத்து அடைத்திருந்தார்கள். சக்கரத்துக்கு ஐந்து, மொத்தம் இருபது.

“இது எதுக்குடா?”

“காத்து சக்கரத்துல புகுந்து சுழலாம வழுக்கிட்டுப் போகும்ப்பா. பெட்ரோல் மிச்சம்.”

“அப்போ பிரேக்குக்குக் காத்து எங்கேருந்து வரும்? உன் ஆபீஸ் ஏ.சி.யிலேருந்தா?”

“கம்பெனிக்காரன் டெஸ்ட் பண்ணாமலா விப்பான்?”

“விக்கிறவன் வேற என்ன சொல்லுவான்?”

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. டவுனுக்கு இறங்க ஒன்பது கிலோமீட்டர் சரிவு, பதினொரு வளைவு. மகன் கீழே போய்ச் சேரும்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் இறங்குவான். சூடேறிய பிரேக் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மிதித்தால் பெடல் இறங்கும், வண்டி மட்டும் தன் பாட்டுக்குப் போகும். என்னோடு ஓட்டியவர்களில் இரண்டு பேர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை டயர்களை முன்பின் மாற்றிப் போட சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அங்கே ஒரு ஃபிட்டர், ஐம்பது வயதிருக்கும், நெட்டையன். நான் பக்கத்திலேயே நின்றேன். நான்கு சக்கரத்தையும் மாட்டி முடித்து, இருபது மூடிகளையும் ஒவ்வொன்றாக விரல் நுழைத்து இழுத்துப் பார்த்தான்.

“கிரீஸ் கையோட தொடாதே. துடைச்சிட்டுத் தொடு” என்றேன்.

துடைத்துக்கொண்டான். “ஐயா லாரி ஓட்டினவரோ?”

“உனக்கெப்படித் தெரியும்?”

“கார்க்காரங்க ஏ.சி. ரூம்ல உக்காந்துடுவாங்க. லாரிக்காரங்கதான் பக்கத்துல நின்னு என்னைத் திட்டுவாங்க.”

சிரித்துப் பேசுகிறவன் வேலையில் கோட்டை விடுவான் என்று எனக்கு ஒரு எண்ணம். வீட்டுக்கு வந்து மகனிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

புதன்கிழமை மகனுக்கு லீவு. சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். நான் சாவியை எடுத்தேன். கண் சரியில்லை என்று என் லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. இருந்தாலும் எடுத்தேன். இடது முன் சக்கரத்தின் ஐந்து மூடிகளையும் கழற்றி டிக்கியில் போட்டேன். வலது பக்கத்தைத் தொடவில்லை. அவனைப் போலவே பிரேக்கை அழுத்திக்கொண்டு ஒன்பது கிலோமீட்டரும் இறங்கினேன். கீழே ஓரங்கட்டி, எது அதிகம் சூடு என்று பார்க்க இரண்டு பக்கத்து பிரேக் டிஸ்க்கிலும் பாட்டில் தண்ணீரை விரலால் தெளித்தேன். ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும், தெளிக்கத்தான் வேண்டும். இடது டிஸ்க்கில் தண்ணீர் முனகிக்கொண்டு காய்ந்தது. வலது பக்கம் மூடியின் இடுக்கு வழியே தெளித்ததும் சுர்ரென்று சீறிப் புகையாய் வந்தது. கருகிய வாடை வேறு.

நான் சொன்னது சரிதான். ரோட்டோரத்தில் தனியாக நின்று சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிவந்து இதே இடத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும், அவன் வாயடைத்துப் போக வேண்டும் என்று நினைத்தபடியே மேலே ஏறினேன்.

மூடிகளைத் திரும்ப மாட்டும்போதுதான் பார்த்தேன். ஒன்றில், சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற மூன்று பல்லுக்கு இரண்டுதான் இருந்தது. மூன்றாவது டிக்கியில் கிடந்தது, நகத்தளவு. கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதில் ஒடிந்திருக்கிறது. மூடியை வைத்து அழுத்தினேன், உட்கார்ந்துவிட்டது. போதும் என்று பல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சொன்னால் மகன் என்ன கேட்பான் என்று தெரியும். ‘கையை வெச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?’ ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்கப் போகிறவன் புதன்கிழமை எதற்குத் திட்டு வாங்க வேண்டும்?

வியாழக்கிழமை காலை மகன் டவுனுக்கு இறங்கும்போது ஏழாவது வளைவில் அந்த மூடி தெறித்து, ஓரத்துப் பாறையில் மோதித் திரும்ப எகிறியது. எதிரே ஸ்கூட்டரில் வந்த பெண்ணின் ஹெல்மெட்டில் அடித்து, அவள் விழுந்து, வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. மகன்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். அவள் தையல்காரி. பழையபடி கத்திரி பிடிப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னாராம்.

தினமும் சட்டை மாற்றும்போது பல்லையும் பைக்குப் பை மாற்றிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் சாப்பிடும்போது மகன் சொன்னான். “நீங்க சொன்னது சரிப்பா. அந்த நெட்டை ஃபிட்டர்தான் பல்லை ஒடிச்சிட்டு அப்படியே மாட்டியிருக்கான். கடைசியா தொட்டவன் அவன்தான். இல்லவே இல்லைங்கிறானாம். வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க.”

பல்லை எடுத்துத் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

மகன் அதை என் பக்கமே தள்ளினான். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. லைசென்ஸ் இல்லாத ஆள் கையில வண்டியைக் குடுத்தேன்னு நான் மாட்டுவேன். அவனுக்கு வேற இடம் கிடைக்கும்.”

“அவர் அத்தனையும் இழுத்துப் பாத்தார்னு நீங்கதானே சொன்னீங்க, மாமா?” என்றாள் மருமகள்.

“சொன்னேன்.”

“கண்ணால பாத்துமா அவரை நம்பலை?”

மகன் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

மறுநாள் பஸ் பிடித்து சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மேனேஜர் சின்ன வயதுப் பெண். பல்லை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதினாள், படித்துக் காட்டினாள். எனக்கு எழுத வருவது என் பெயர் ஒன்றுதான். அதைப் போட்டுக் கொடுத்தேன்.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஐயா.”

“அவனை மறுபடி சேத்துக்குங்கம்மா.”

“மேலிடத்துக்கு அனுப்பறேன். ஆனா அந்த இடத்துக்கு நேத்தே வேற ஆள் வந்தாச்சு. போலீஸ்ல உங்க பையனைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க, பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று சொல்ல நான் யார்? தலையை ஆட்டினேன்.

வெளியே வந்தால் நெட்டையன் ஷெட்டிலிருந்து தன் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு வருகிறான். சொந்தப் பெட்டி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தான். பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலேயே போய், அங்கே நின்று அவனிடமும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

“மத்த மூடியெல்லாம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டான்.

“எது?”

“நீங்க கழட்டினப்போ. லூசா இருந்துச்சா?”

“இல்லை. இறுக்கமா இருந்துச்சு. கையால வரலைன்னுதான் நெம்பினேன்.”

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான். “வீட்டுல கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நிசமாவே சரியா மாட்டினியா, நிசமாவே மாட்டினியான்னு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

“உங்க வீட்டுக்கு வந்து நானே சொல்றேன்.”

“வேணாம்.”

அவன் பஸ் வந்தது. பெட்டியின் ஒரு கைப்பிடியை அவன் பிடித்தான். குனிந்து மற்றதை நான் பிடித்தேன்.

“விடுங்க” என்றான்.

விட்டேன்.