அண்ணன் புத்தகத்தில் மிஞ்சிய அத்தியாயம்

1.
இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கல்லூரி ஆசிரியர் அறையில் புள்ளியியல் ஆசிரியை ஒருத்தி போகிறபோக்கில் சொன்னாள்: "எங்கண்ணன் எழுதின பாடப்புத்தகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா வகுப்புலேருந்து எடுத்துக்கிட்டிருக்கேன். அவர்கிட்ட இன்னும் சொல்லலை." அண்ணன்தான் துறைத்தலைவர்; பக்கத்து அறை. எனக்கு எழுதக் கை துறுதுறுத்தது.

2.
முதல் தொடக்கம்: "அறிவு என்பது அனைவருக்கும்..." [வேண்டாம். மேடைப்பேச்சு.]

இரண்டாவது: அண்ணன் புத்தகம் பழசு; அதன் கணக்குகள் இன்னும் கேசட் விற்றுக்கொண்டிருந்தன. விலையோ மாணவர்களுக்கு எட்டவில்லை. இணையத்தில், யாரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்று எழுதியவர்களே விட்டுவைத்த திறந்தநிலைப் பாடங்கள் இருந்தன. ஒரு பருவத்தில் பயிற்சிக் கணக்குகளை மட்டும் மாற்றினாள். அடுத்ததில் ஓர் அத்தியாயம். பிறகு இன்னொன்று.*

* படிப்படியாகச் செய்தாளா, அண்ணனிடம் பேசப் பயந்தாளா? இவளை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம். கேட்டேன். "ரெண்டும்தான்" என்றாள். அதற்கப்புறம் அவளைப் பிடித்துப்போயிற்று.

3.
ஊரையே கேட்காமல் சிலரை மட்டும் கேட்டு முடிவுக்கு வருவது எப்படி என்ற அத்தியாயம்தான் மிஞ்சியது. அண்ணன், தான் ஏமாந்துபோன கணக்கெடுப்புகளையே உதாரணமாக வைத்து எழுதியது. அப்படி ஒன்று இணையத்தில் எங்கும் கிடைக்கவில்லை. அதைப் பொதுவில் வைக்க அவர் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் குட்டு உடையும். போனாள்.

"அண்ணா, இந்த ஒரு அத்தியாயத்தை எல்லாருக்கும் திறந்து விடுவீங்களா?"

"மத்ததெல்லாம்?"

"எடுத்துட்டேன்."

"தெரியும். சந்தேகம் கேட்டு ஒரு பிள்ளைகூட என் ரூமுக்கு வர்றதில்லையே. நீயே வந்து சொல்லுவேன்னு..." அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

பிறகு கேட்டார்: "திறந்து விட்டா யார் வேணாலும் திருத்தலாமா?"

"ஆமாண்ணா."

"நீயும்?"

"நானும்தான்."

4.
முடிவு அ: சிரித்துக்கொண்டே சம்மதிக்கிறார். [பொய். அந்த மனிதர் அப்படிச் சிரிப்பவரில்லை.]

முடிவு ஆ: மறுக்கிறார், மாணவர்கள் [இதை எழுத மனம் வரவில்லை.]

நடந்தது இவ்வளவுதான். புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினார். "மொதல்ல எதைத் திருத்துவே? சொல்லு."

இத்தனை நாள் அவர் முதுகுக்குப் பின்னால் பாடத்தை மாற்றியவள் அவள். இப்போது முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்ல மறுத்துவிட்டாள். அவளுக்குப் பதில் நீங்கள் உட்காருங்கள். எதிரே இருப்பவர் உங்கள் அண்ணன், காத்துக்கொண்டிருக்கிறார்.