சித்திரையில் மூடிய கடல்

கிணத்துக்கடவு வட்டாரத்தில் நாச்சியம்மாளுக்கு மாதக்கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. எந்த மாதம் கிணறு வற்றும், எந்த மாதம் தென்னையில் குரும்பை உதிரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்தக் கணக்குத்தான் அவள் குடியைக் கெடுத்தது.

மகன் மனோஜ்குமார் தென்துருவக் கடலோரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஜெனரேட்டர் மெக்கானிக். மாசி மாதம் போனில் கேட்டான்.

"கடைசிக் கப்பல் கெளம்புதுங்கம்மா. என்னைய இங்கயே இருக்கச் சொல்றாங்க. இனி ஐஸ் உருகுனாத்தான் அடுத்த கப்பலுங்க. இருக்கட்டுங்களா, வந்தரட்டுங்களா?"

அதற்கு முந்தின நாள்தான் கோயமுத்தூர் டாக்டர், அவள் புருஷன் சென்னிமலைக்குக் கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது, ஆடி வரைக்கும் தாங்கலாம் என்று சொல்லியிருந்தார். நாச்சியம்மாள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெளியூரில் வேலையாக இருக்கிற பிள்ளைக்குக் கெட்ட சேதி சொல்லி மனசைக் கலைப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. போதாததற்குக் கையில் கணக்கு வேறு இருந்தது. மாசிப் பனியிலேயே கப்பல் ஓடுகிறதென்றால் சித்திரை வெயிலுக்கு ஐஸ் இருந்த இடம் தெரியுமா? ஆடிக்குள் பையன் வந்து சேர்ந்துவிடுவான்.

"இருந்து வேலையப் பாரு சாமி. இங்க எல்லாரும் சௌக்கியம்" என்றாள்.

சித்திரை பிறந்தது. சென்னிமலை கட்டிலோடு கிடந்தார். சோறு இறங்கவில்லை, வலி விடவில்லை. கண் விழித்தால் ஒரே கேள்விதான்.

"பையன் எப்ப வாரான்?"

"வெயிலு ஏறிப்போச்சல்லங்க. வந்திருவான்."

ஒருநாள் காலையில் மனோஜ் வீடியோவில் வந்தபோது, எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே போனை ஜன்னல் பக்கம் திருப்பினான். கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை.

"கடல் இந்த வாரந்தானுங்கம்மா மூடுச்சு."

"சித்திரைலயா மூடும்?"

"நமக்குக் கோடைன்னா இங்க குளிர்காலமுங்க. மாசிலதான் ஐஸ் ரொம்பக் கொறைச்சலா இருக்கும். இனிப் புரட்டாசி வரைக்கும் வளர்ந்துட்டே போகும். கப்பல் வர மார்கழி ஆயிருமுங்க."

நாச்சியம்மாள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நிலையத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று அவன் போனை வைத்தான்.

மத்தியானம் அவனே கூப்பிட்டான். "கால்ல உழுந்து கேட்டுப்போட்டனுங்கம்மா. இந்தக் காத்துல, வெளிச்சம் கொறைஞ்சுட்டு வர்ற இந்த நேரத்துல பிளேன் எறங்காதுன்னுட்டாங்க." பிறகு சொன்னான்: "அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா ஏறி வந்திருப்பனுங்களே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பெற்ற பிள்ளையைக் கடலுக்கு அந்தப் பக்கம் வைத்துப் பூட்டியது தன் வாய்தான் என்று நொந்துகொண்டாள். டாக்டருக்குப் போன் போட்டு, எப்படியாவது மார்கழி வரைக்கும் இழுத்துக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். எந்த ஊசி வேண்டுமானாலும் போடுங்கள், தோப்பை விற்றுவிடுகிறேன் என்றாள்.

"வைகாசி தாண்டறதே செரமமுங்கம்மா" என்றார் அவர்.

வாசலுக்கு வந்தாள். களத்தில் கால் வைக்க முடியாத வெயில். ஒன்றுக்கும் உதவாத வெயில்.

சாயங்காலம் சென்னிமலை பையனிடம் பேச வேண்டும் என்றார். அவள் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"எப்படா வாரே?"

"ஐஸ் உருகோணுமுங்கப்பா."

சென்னிமலை தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார்.

"அட, அதுக்கென்னடா. வெயிலு இந்தப் போடு போடுது. இன்னும் பத்து நாளு தாங்குமா? பைய வா, நான் இருக்கறேன்."

"செரிங்கப்பா" என்று சொல்லிவிட்டு மனோஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

போனை வைத்ததும் அவர் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். நாலு நாளாகத் தண்ணீர்கூடச் சரியாக இறங்காத மனுஷன்.

"அம்மணி, கொஞ்சம் கஞ்சி காச்சு. பையன் வாரப்ப நான் எந்திரிச்சு உக்காந்திருக்கோணுமல்ல."

நாச்சியம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.