கணக்கர் தரைக்குள் இறங்கிய வரலாறு

அந்த வீடியோ கேம் நிறுவனத்தின் கணக்கர் தரைக்குள் இறங்கத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலையில். முதல் நாள் ஷூவின் அடிப்பாகம் மட்டுமே போயிற்று. கம்பளம் புதிது, அதனால் அப்படித் தோன்றுகிறது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கம்பளம் புதிதல்ல, அதை வாங்கிய காலத்தில் நிறுவனத்திடம் பணம் இருந்தது. வாரக் கடைசியில் கணுக்கால் வரை போய்விட்டது. முழங்கால் தண்ணீரில் நடப்பவரைப் போல மேசைக்கும் பிரிண்டருக்கும் இடையே அவர் போய் வந்தார். அவர் கடந்த பிறகு தரையில் ஒரு கீறல்கூட இருக்காது. மாலையில் படிக்கட்டுக்கு வந்ததும் காலடி கெட்டியாகிவிடும். தெருவில் எல்லாரையும் போலவே நடந்துபோய் மனைவியோடு பஸ் ஏறுவார்.

நிறுவனம் இருந்தது மூன்றாம் மாடியில். அதற்கு நேர் கீழே பல் மருத்துவமனை. மூன்றாம் மாடியில் பல ஆண்டுகளாக ஒரே ஒரு விளையாட்டைத்தான் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு குதிரை உண்டு. அதன் பிடரியில் ஒவ்வொரு மயிரும் காற்றுக்குத் தனித்தனியே அசையும். மயிருக்கென்றே ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஓர் உதவியாளர் என்று அமோகமாக நடந்தது. குதிரையால் படியிறங்க மட்டும் முடியவில்லை. இதை முதலாளியிடம் சொன்னபோது படிகளை எடுத்துவிடச் சொன்னார். முதலாளிக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் தொலைநோக்கு. அந்தச் சொல் இல்லாமல் அவரால் ஒரு கூட்டத்தை முடிக்க முடியாது. அடுத்த பத்தாண்டு அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கையிலிருக்கும் காகிதத்தைப் படிக்கத்தான் கண்ணாடியைத் தேடுவார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய நாள், முதலாளி கணக்கரை மட்டும் தன் வீட்டுக்கு வரவழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். விளையாட்டுக்குப் பணம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை உதறிவிட்டார்கள் என்றும், இருப்பது இந்த மாதத்துக்கு மட்டும்தான் என்றும், குதிரை ஓடும் முன்னோட்டப் படம் வெளிவந்துவிட்டால் உலகமே ஓடி வரும் என்றும் சொன்னார். அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது, முக்கியமாக உங்கள் மனைவியிடம், என்றார். கணக்கர் தலையாட்டினார். வாழ்நாள் முழுவதும் தலையாட்டி வந்தவருக்கு அது ஒன்றும் பெரிய வேலையாகத் தோன்றவில்லை.

வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும், ஒரு மனிதர் தரைக்குள் இறங்குவதைக் கண்டால் டாக்டரையோ கொத்தனாரையோ கூப்பிட்டிருப்பார்கள். இந்தத் தொழிலில் ஆட்கள் தரைக்குள் விழுவது சர்வ சாதாரணம். திரையில் கதாநாயகனே வாரம் இரண்டு முறை தரையைத் துளைத்துக்கொண்டு பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆகவே அதை ஒரு பிழையாகப் பதிவுசெய்து, அவசரமற்றது என்ற வரிசையில் போட்டார்கள். தலைமை புரோகிராமர் நேரில் வந்து, கணக்கர் நின்ற அதே இடத்தில் ஏறி நின்றார். நன்றாகக் குதித்தும் பார்த்தார். "எனக்கு நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, மறுபடி நிகழவில்லை என்று குறிப்பெழுதிப் பிழையை மூடினார். அப்போது கணக்கர் அவருக்குப் பக்கத்தில் முழங்கால் வரை நின்றுகொண்டிருந்தார்.

முதலாளிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. நிறுவனத்தோடு இவ்வளவு ஒன்றிப்போன ஊழியரைத் தான் கண்டதில்லை என்று கூட்டத்தில் பேசி, அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் கேடயத்தை அறிவித்தார். கணக்கரால் மேடை ஏற முடியாததால் கேடயம் குனிந்து வழங்கப்பட்டது. அவருக்காக மேசையின் கால்களை அறுத்துக் குட்டையாக்கித் தந்தார்கள்.

கணக்கரின் மனைவியும் அதே மாடியில்தான் வேலை பார்த்தாள். சோதனைப் பிரிவு. கதாநாயகனை ஒரு வருடம் முழுக்கச் சுவர் சுவராக முட்டவிட்டு, எந்தச் சுவரில் ஓட்டை என்று கண்டுபிடித்தவள். கிடைக்காத பிழை என்று ஒன்று கிடையாது, கேட்கத் தெரியாத ஆள்தான் உண்டு என்பது அவளுடைய கட்சி. மூடிய பிழையை அவள் திறந்தாள். கணவரின் ஷூவைத் தான் போட்டுக்கொண்டு அந்த இடத்தில் நின்றாள். பிறகு அவருடைய எடையிருந்த காவலாளியை நிறுத்தினாள், கணவரின் பையைக் காவலாளியின் தோளில் மாட்டினாள், காலையில் அவர் சாப்பிட்டதையே காவலாளிக்கும் சாப்பிடக் கொடுத்தாள். காவலாளி மறுநாளும் சோதனை உண்டா என்று விசாரித்தார். தரைக்குள் மட்டும் போகவில்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில், கடைசியில் கணவரிடம் கழற்ற முடியாத ஒரே ஒரு பொருள் மிஞ்சியது. அது அவருடைய தலை.

அவள் இந்த முடிவுக்கு வந்த காலையில் அவர் இடுப்பு வரை போய்விட்டார். நான்கு பேர் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தும் அசையவில்லை. சற்று நேரத்தில் கீழேயிருந்து பல் டாக்டர் மூச்சிரைக்க ஏறி வந்தார். தன் மருத்துவமனைக் கூரையிலிருந்து இரண்டு கால்கள் தொங்குவதாகவும், ஒரு சாக்ஸில் ஓட்டை இருப்பதாகவும் புகார் சொன்னார். "வாயைத் திறக்கறவங்க மூடவே மாட்டேங்கறாங்க. எனக்கு வசதிதான், இல்லேங்கல. ஆனா ஒருத்தர் மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடியே மயங்கிட்டாரு." தலைமை புரோகிராமர் அவரிடம் பிழையின் எண்ணைச் சொல்லி, அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்றார். அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள் தரை கணக்கரின் நெஞ்சுக்கு ஏறியது. அவருடைய மூச்சு சின்னச் சின்னதாக வரத் தொடங்கியது. உதடு நீலம் பாய்ந்தது.

மனைவி அவர் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சு எனக்குத் தெரியாதது என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததா இப்படி இழுக்குது?"

"சொன்னா நீயும் போயிடுவே."

"போனா போறேன். நீங்க இல்லாம இங்க உக்காந்து நான் என்னத்தைக் காவல் காக்கறது? சொல்லுங்க."

கணக்கர் முதலாளியின் கண்ணாடி அறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். முதலாளி போனில் யாரிடமோ கையை விரித்துக் குதிரையை விளக்கிக்கொண்டிருந்தார். "காசு இல்ல" என்றார் கணக்கர். "பணம் போட்டவங்க போயிட்டாங்க. அடுத்த மாசம் சம்பளம் கிடையாது. கம்பெனி முடிஞ்சுபோச்சு. உங்கிட்ட சொல்லியிருக்கணும்."

கடைசி வார்த்தையோடு, தொண்டையில் சிக்கிய மாத்திரை இறங்குவதைப் போல, அவர் சத்தமில்லாமல் கீழே போய்விட்டார். அவர் இருந்த இடத்தில் கம்பளம் மட்டும் இருந்தது. மனைவி வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள் அவளும் இல்லை.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் முழுதாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். முதலில் பக்கத்தில் நின்ற தலைமை புரோகிராமர், எனக்கு நல்லாத்தானே என்று தொடங்கியவர், பாதி வாக்கியத்தில் போனார். செய்தி எந்த வழியாகப் பரவுகிறது என்பதைத் தலைகள் மறையும் வரிசையை வைத்தே சொல்ல முடிந்தது: சோதனைப் பிரிவிலிருந்து ஓவியர்களுக்கு, அங்கிருந்து ஒலிக்காரருக்கு, அவர் எழுந்து போய்த் தோளைத் தட்டிச் சொன்னதால் மயிர்க்குழு முழுவதற்கும். நம்பாமல் அடுத்தவரிடம் கேட்கப் போனவர்களைத் தரை அதுவரை தாங்கியது, நம்பியதும் விட்டது. ஒருவரும் அலறவில்லை. அலறுவதற்கு ஒரு நொடி யோசிக்க வேண்டும், அந்த ஒரு நொடியைத் தரை தரவில்லை. காதில் ஹெட்போன் மாட்டியிருந்தவர்கள் மட்டும் சற்று நேரம் காலி அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பிறகு அவர்களுடைய போனிலும் செய்தி வந்தது.

முதலாளி போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது நாற்காலிகள் இன்னும் சுழன்றுகொண்டிருந்தன. திரைகள் அனைத்திலும் குதிரை நின்றிருந்தது, பிடரி அசைந்தது. ஒரு காபிக் கோப்பையில் ஆவி பறந்தது. அவர் ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். "மீட்டிங்ல இருக்காங்க போல" என்று கடைசியில் சொன்னார். தரை அவரைத் தாங்கியது. அவர் எதையும் மறைத்ததாக அவருக்குத் தோன்றியதே இல்லை, எதுவும் முடிந்துவிட்டதாகவும் அவர் நம்பவில்லை. மாலையில் லிஃப்டில் இறங்கி வீட்டுக்குப் போனார். இன்று அவர் தோல்வியிலிருந்து மீள்வது எப்படி என்று ஊர் ஊராக மேடைகளில் பேசுகிறார். மேடைகளும் தாங்குகின்றன.

கீழே பல் மருத்துவமனையில் எலும்பு முறிந்தவர்கள் குறைவு. தலைமை புரோகிராமர் ஒரு நோயாளியின் மடியில் விழுந்ததில், பிடுங்க வேண்டியிருந்த பல் தானாகவே வந்துவிட்டது. மனைவியைத் தாங்கக் கணக்கர் இரண்டு கைகளையும் நீட்டியிருந்தார். அவள் கைகளுக்கு நடுவே புகுந்து அவர் மார்பில் விழுந்தாள். எழுந்து உட்கார்ந்ததும் அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு அவருடைய கால்களை ஷூவோடு மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சுற்றிலும் அவளுடன் வேலை பார்த்தவர்கள் கையில் ஒட்டியிருந்த கூரைத் தூசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். 

அன்று விழுந்தவர்களின் பாதங்கள் அதன் பிறகு பழையபடி ஆகவில்லை. உள்ளே ஒன்றுமில்லாத நிறுவனத்துக்குள் நுழைந்தால், யாரும் எதுவும் சொல்லாமலே, அவை இறங்கத் தொடங்கின. வங்கிகள் இதைக் கேள்விப்பட்டுக் கணக்கரையும் மனைவியையும் வேலைக்கு எடுத்துக்கொண்டன. கடன் கேட்டு வரும் அலுவலகங்களுக்கு இருவரும் போய்ச் சும்மா நடந்துவிட்டு வர வேண்டும். நல்ல சம்பளம். பேன்ட் கிழிந்தால் தனியாகப் பணம் தருகிறார்கள்.

போன மாதம் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போனார்கள். வாசலிலிருந்தே பளிங்குத் தரை, சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான்காவது அடியில் கணக்கர் முழங்கால் வரை போனார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அவளும் இறங்கினாள். வரவேற்பு மேசையிலிருந்த பெண் எழுந்து, காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள்.

"வேண்டாம்மா" என்றாள் மனைவி. "இங்க காசு இல்ல. வேற வேலை பாத்துக்க."

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். குதிகால் உயர்ந்த செருப்பு பளிங்குக்குள் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு கையை நீட்டினாள்.

"கொஞ்சம் பிடிங்கக்கா" என்றாள். "கீழ என்ன இருக்குன்னு தெரியல."